சுழல்தண்டும் புகைக்குழாயும்

பழைய இயந்திரத்தைப் பேணுபவனுக்கு இருவகை அறிவு வேண்டும். எங்கே ஒப்பேற்றலாம் என்பது ஒன்று; எங்கே ஒப்பேற்றலாகாது என்பது மற்றொன்று. ஸ்கந்தபுரத்தில் எமது மொறிஸ் மைனர் வண்டியைத் திருத்தியபோது இவ்வேறுபாடு எனக்குத் தெளிவாயிற்று.

1948 முதல் 1971 வரை உற்பத்தியான இவ்வகைக் கார்கள், 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் மண்ணெண்ணெயிலும் ஓடின. சிறிது பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். உதிரிப்பாகம் அரிதான அந்நாளில் கைக்கு அகப்பட்டதே பாகமாயிற்று.

புகைக்குழாய் அத்தகைய ஒப்பேற்றலுக்கு இடங்கொடுக்கும். குறுந்தூரமே ஓடும் வண்டியின் சைலன்சரில் நீராவி குளிர்ந்து தங்கி, உள்ளிருந்தே துருவேற்றும். துருவேறிய பகுதியை வெட்டியகற்றி, வேறொரு குழாயை ஒட்டினோம். இயந்திரம் அசைவதற்கேற்ப அதனைச் சற்றுத் தளர்வாகத் தொங்கவிட்டோம். காபனோரொட்சைட்டு வண்டிக்குள் புகாவண்ணம் ஒட்டுக்கள் இறுக்கமாயிருத்தல் மட்டும் அவசியம்.

பின்சில்லுகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் சுழல்தண்டோ அவ்வாறன்று. அதன் மூட்டுக்களிலுள்ள ஊசியொத்த உருளைகள் தேய்ந்தால், வண்டி புறப்படுகையில் 'டக்' என்னும் ஒலி எழும். கழற்றுமுன் இணைப்புத் தட்டுக்களில் அடையாளமிட்டு, பழைய நிலையிலேயே பூட்டல் வேண்டும். தவறின் தண்டு அதிரலாம். மூட்டு முறிந்தால் ஏறியிருப்போரின் உயிருக்கே ஆபத்து. எனவே, உரிய பாகம் வந்து சேரும்வரை வண்டியை நிழலில் நிறுத்திவைத்தோம்.

தடைக்காலத்துத் தொழிலாளரின் திறமையை நான் மதிக்கின்றேன். வேறு வழியின்மையே அவர்களை அவ்வாறு செய்வித்தது. பாகம் கிடைக்கும் இந்நாளிலும் சுழல்தண்டை ஒப்பேற்றுவோமாயின், இடர் தந்த பழக்கத்தை அறிவென மயங்கியோராவோம்.