வாப்பாவின் துவக்கு: திருத்துவதா, கொடுப்பதா?



ஸ்பிரிங்வெளியில் பலருக்கும் எங்கள் வீட்டுத் துவக்கைப் பற்றித் தெரியும். போன மாதம் அதை ஒப்படைத்துவிட்டோம். கடைத்தெருவில் இரண்டு மூன்று விதமாகக் கதை போகிறது. அதனால் நடந்ததை நாங்களே எழுதிவிடுகிறோம்.

அது ஒரு பழைய 303, லீ-என்பீல்ட் ரைபிள். பிரிட்டிஷ் இராணுவத்துக்கு 1907 இல் வந்த வகை. பத்து ரவை போடலாம். பாரம் நாலு கிலோவுக்குக் கிட்ட. முதலாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் இருந்தது இதுதான். யுத்தங்கள் முடிந்த பிறகு மிச்சமானதெல்லாம் உலகம் முழுக்க விற்பனைக்குப் போனது.

மலையகத்தில் துரைமாருக்கென்றே ஒரு படை இருந்தது. சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ் என்று பெயர், தொடங்கியது 1900 இல். அதே வருஷம்தான் தென்னாபிரிக்காவில் பிடித்த போயர் கைதிகளை நம்முடைய தியத்தலாவைக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். 1915 இல் அந்தத் துரைமார் படையின் ஆட்கள் கலிப்பொலிக்கும் போனார்கள். அங்கே எதிரே நின்றது உஸ்மானியப் படை. 1949 இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது அந்தப் படை கலைந்தது.

எங்கள் துவக்கு அந்தப் படையில் இருந்ததா என்று சொல்ல ஒரு கடதாசியும் இல்லை. மூத்தவாப்பா சொன்ன கதை மட்டும்தான் இருக்கிறது. 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குப் போகவிருந்த துரை ஒருவர் லைசன்ஸை முறைப்படி மாற்றி மூத்தவாப்பாவுக்குக் கொடுத்தாராம். பிறகு அது வாப்பாவின் பெயருக்கு வந்தது.

88, 89 காலம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரவில் வீடு வீடாக வந்து துவக்குக் கேட்டார்கள். மூத்தவாப்பா முந்திக்கொண்டு பொலிஸில் ஒப்படைத்தார். வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்தது கறள் ஏறிய இரும்பு. அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட வெடித்ததில்லை. ஆனாலும் வாப்பா வருஷா வருஷம் லைசன்ஸைப் புதுப்பித்தார்.

இந்த வருஷம் கட்டாரில் இருக்கும் நானா கோல் எடுத்தார். “காசு நான் அனுப்புறன். அதப் புதுசு மாதிரி ஆக்குங்க. மூத்தவாப்பாட சாமான் கறள் புடிச்சிக் கிடக்கப்படாது” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்லவில்லை. இராணுவத்தில் ஆயுதம் திருத்தும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்கள நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

அவர் முதலில் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். அந்தக் காலத்து ரவை வெடித்தால் குழலுக்குள் ஒரு வகை உப்பு படியும். அதைச் சுடுதண்ணீரால் கழுவாமல் எண்ணெய் மட்டும் பூசினால், எங்கள் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் அந்த உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். இனி எதைப் பூசினாலும் குழி நிரம்பாது.

அடுத்தது போல்ட். அதிலும் துவக்கின் உடம்பிலும் ஒரே இலக்கம் இருக்கவேண்டும். எங்களுடையதில் இரண்டும் வேறு. எங்கேயோ ஒரு களஞ்சியத்தில் மாறிப்போயிருக்கிறது. வேறொரு துவக்கின் போல்ட் பொருந்துவது போலத் தெரிந்தாலும், ரவைக்குப் பின்னால் இடைவெளி கூடியிருந்தால் சுடும்போது ரவையின் கோது கிழியும், சூடான வாயு முகத்தில் அடிக்கும். அளந்து பார்க்காமல் சுடவே கூடாது என்றார்.

மரக்கட்டை மட்டும் நல்லாயிருந்தது. லின்சீட் எண்ணெய் போட்டால் போதுமாம். “சாண்ட் பேப்பர் மட்டும் போடவேண்டாம், பழைய முத்திரையெல்லாம் அழிந்துவிடும்” என்றார். இங்கிலாந்து, அமெரிக்காவில் இப்படிப் பழையதைச் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்கள்கூட மினுக்கிய துவக்கைவிட, கைபடாத பழையதற்குத்தான் கூடக் காசு கொடுப்பார்களாம். நமக்கு இங்கே அப்படி ஒரு சந்தையே இல்லை.

அன்று இரவு எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். செலவுக் கணக்கு போட்டோம். ஆனால் மனதில் ஓடியது வேறு.

2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு எங்கள் வீட்டிலும் தேடுதல் நடந்தது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள். லைசன்ஸைக் காட்டினோம். பெரியவர் துவக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஆனால் அதை முற்றத்துக்குக் கொண்டுவந்த அந்த ஐந்து நிமிஷம், ரோட்டில் போன லயத்துச் சனமும் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒரு முஸ்லிம் வீட்டிலிருந்து துவக்கு வெளியே வருகிறது. லைசன்ஸ் யாருடைய கண்ணுக்கும் தெரியாது. அடுத்த நாள் வகுப்பில் ஒரு பிள்ளை, “உங்கட ஊட்ல துவக்கு இருக்காமே?” என்று கேட்டது. எங்களுக்கு வாய் வரவில்லை.

கறள் பிடித்ததாக இருந்தபடியால்தான் அன்று அந்தப் பெரியவர் சிரித்தார். திருத்தி, எண்ணெய் போட்டு, வெடிக்கிற துவக்காக இருந்திருந்தால்?

வாப்பா கடைசியில்தான் வாயைத் திறந்தார். “திருத்தினா எதச் சுடப்போறோம்?” ஒருவரிடமும் பதில் இல்லை. “எனக்குப் பொறகு இது யார்ட தலையில?” என்றும் கேட்டார். நானா போனில் ஒன்றும் பேசவில்லை.

வாப்பாவே கொண்டுபோய்ப் பொலிஸில் கொடுத்தார். துண்டு வாங்கினோம். கட்டையின் அடியில் ஒரு சின்ன மூடி உண்டு. அதைத் திறந்தால் பித்தளை எண்ணெய்க் குப்பி ஒன்று. “அங்கிள், இத நீங்க வெச்சுக்கங்க” என்று அங்கிருந்த சார் தந்தார். அது இப்போது மூத்தவாப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. நண்பர் சொன்ன விபரம், வாப்பா சொன்ன கதை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது போதும்.

உங்கள் வீட்டிலும் அட்டாலியில், பழைய பெட்டியில் ஏதாவது கிடக்கலாம். லைசன்ஸ் இருந்தால் தவறாமல் புதுப்பியுங்கள், தெரியாத கையில் திருத்தக் கொடுக்காதீர்கள். லைசன்ஸ் இல்லாவிட்டால் ஆற்றில் போடவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு ஒப்படையுங்கள். அரசாங்கம் இடைக்கிடை பொதுமன்னிப்புக் காலமும் அறிவிக்கும்.

நானாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வாப்பாவுக்கும் அந்த மூலை வெறுமையாகத்தான் தெரிகிறது. இருவருக்காகவும் துஆச் செய்யுங்கள்.