மாத்தாங் காட்டில் தில்லை

ரப்பர் மரத்தின் இலை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் வளர்ந்த எந்தத் தமிழருக்கும் தெரியும்: ஒரு காம்பில் மூன்று இலை. பிரேசில் நாட்டு மரம் அது. 1877-இல் பேராக்கின் கோலகங்சாரில் அதன் கன்றுகளை நட்டார்கள். பின்னாளில் அதை நம்பி எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறின. அதே மாநிலத்தின் கடலோரத்தில், யாரும் வெளியிலிருந்து கொண்டுவராமல் அந்த மண்ணிலேயே வளர்ந்துவரும் மரங்களைப் பார்க்கவே நான் போனேன்.

அழைத்துப்போனவர் ஈப்போவில் வசிக்கும் ஓர் அண்ணன். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

தைப்பிங்கைத் தாண்டி கோலா செப்பேத்தாங் போய்ச் சேர்ந்தோம். போர்ட் வெல்ட் என்பது ஊரின் பழைய பெயர். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்குக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் இடையேதான் ஓடியது. தண்டவாளம் போய்விட்டது. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் தமிழும் இருக்கிறது.

அருகிலேயே மாத்தாங் சதுப்புநிலக் காடு. ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். நம் பிச்சாவரச் சதுப்புநிலக் காடு 1,100 ஹெக்டேர் அளவுதான் என்பதை நினைத்துக்கொண்டு பலகைப் பாதையில் நடந்தபோது மலைப்பாக இருந்தது. எல்லாத் திசையிலும் ஒரே பச்சை. எது எந்த மரம் என்று எப்படிச் சொல்வது?

“பூவும் காயும் நாம வர்ற நேரத்துக்குக் காத்திருக்காது தம்பி. எல எப்பவும் இருக்கும். மொதல்ல எலை எதிரெதிரா இருக்கா, மாறி மாறி இருக்கான்னு பாருங்க” என்றார் அண்ணன்.

பார்த்தேன். பெரும்பாலானவற்றில் எதிரெதிரே. அவற்றில் ஒன்றின் இலை நுனியை விரலால் தடவச் சொன்னார். தையல் ஊசியின் முனை போல ஒரு சிறு கூர் குத்தியது. புரட்டினால் அடியில் கரும்புள்ளிகள். அது சுரபுன்னை. இங்கே பாக்காவ் என்பார்கள். இலை குறுகி, குருத்துறை சிவந்திருந்தால் பாக்காவ் மின்யாக்; இலை அகன்றிருந்தால் பாக்காவ் குராப். கரிமூட்டத்துக்கு உகந்தது முதல் வகை. முப்பது ஆண்டு வளர்த்து வெட்டி, வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்க்கிறார்கள். நூறாண்டுக்கு மேலாக வெட்டியும் இந்தக் காடு காடாகவே இருக்கிறது. காட்டை வைத்துப் பிழைக்கும் எல்லா நாடுகளும் வந்து பார்க்க வேண்டிய இடம் இது.

லெங்காடாய் என்ற மரத்தின் இலை சிறியது. நுனியில் அந்த ஊசி இல்லை. இவ்வளவு சின்ன வேறுபாடுதான், ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் ஒன்றாகத் தெரிந்த காடு பிரிந்து பிரிந்து தெரியத் தொடங்குகிறது.

அடுத்தது அப்பி அப்பி. நம் வெண்கண்டலின் இனம். மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெளிர் சாம்பல். நாக்கை வைத்துப் பார்த்தேன், உப்பு கரித்தது. சுரபுன்னை உப்பை வேரிலேயே பெருமளவு வடிகட்டி நிறுத்திவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே வந்துவிடும் உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. வெயில் காய்ந்த நாளில் இலைமேல் உப்புப் படிகங்கள் மின்னும். ஒரே சேற்றில் ஒரே கடல்நீரைக் குடிக்கும் இரண்டு மரங்கள் உப்புக்கு இரண்டு வழி கண்டிருப்பதை அந்த இலையில் ருசித்தே அறிய முடிகிறது.

பாதையின் ஓரத்தில் ஆள் உயரப் பெரணி ஒன்று. பியாய் ராயா என்றார். பெரணிகளில் உப்புச் சேற்றைத் தாங்குபவை மிகச் சிலவே. மரம் வெட்டி வெளிச்சம் விழுந்த இடத்தை இது பிடித்துக்கொண்டால், கன்றுகள் எழுவது கடினம்.

சற்று மேட்டில் ஒரு மரம். இதன் இலைகள் மட்டும் மாறி மாறி இருந்தன. பச்சைக்கு நடுவே உதிரப்போகும் முதிர்ந்த இலைகள் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தன. கை நீட்டினேன்.

“தொடாதீங்க தம்பி! பாலு கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. பூத்தா பூத்தா மரம் இது.”

கீழே கிடந்த குச்சியால் ஓர் இலைக்காம்பை அவரே நசுக்கிக் காட்டினார். வெள்ளைப் பால் துளிர்த்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலூர் மாவட்டத்தில் பிறந்த நான் பிச்சாவரத்தில் படகிலிருந்து பார்த்திருக்கும் தில்லை மரம் இதுதான்! சிதம்பரம் கோயிலின் தல மரம். ஊருக்கே தில்லை என்ற பெயரைத் தந்த மரம்.

அண்ணனிடம் சொன்னேன். கோயிலைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த அவர், அந்தச் சிவந்த இலைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஒன்று சொன்னார். தில்லையும் ரப்பரும் ஒரே ஆமணக்குக் குடும்பம். அவருடைய அம்மா விடியலில் கத்தியோடு போய்ச் சேகரித்ததும் பால், இதில் வடிவதும் பால். ஒன்று கப்பலில் வந்தது. மற்றொன்று கடலின் இரு கரையிலும், தமிழர்கள் இங்கே வந்து லயம் கட்டுவதற்கு முன்பிருந்தே நிற்கிறது.

பேராக்கில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் ஈப்போவின் குகைக் கோயில்களோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு காலைப்பொழுதை மாத்தாங்குக்கு ஒதுக்குங்கள். அதுவரை பிச்சாவரம் இருக்கிறது: படகை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். தில்லையை மட்டும் கிள்ளிவிடாதீர்கள்.