செவிகொடுக்கக் கற்ற ஓராண்டு

பள்ளிப் பணியிலிருந்து நாங்கள் இருவரும் ஓராண்டு இடைவெளியில் ஓய்வு பெற்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்று பேசிப் பழகிய நாவுக்குத் திடீரென வேலையில்லாமற் போயிற்று. "இனி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டோரிடமெல்லாம், "பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு காலம் கழிப்போம்" என்று சொல்லி வந்தோம். ஆயினும் உள்ளத்தின் ஓரத்தில் தீராக் கடன் ஒன்று கிடந்து உறுத்தியது.

எங்களில் ஒருவருக்கு உடன்பிறந்த தம்பி, மற்றவருக்கு மைத்துனர். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும்போது அவரை மனச்சிதைவு நோய் பற்றிக்கொண்டது. முதல் மூன்றாண்டுகள் மந்திரம், தாயத்து, நேர்ச்சை என்று அலைந்து காலத்தை வீணாக்கிய பின்னரே மருத்துவரிடம் சென்றோம். பெற்றோர் மறைந்தபின் இருபது ஆண்டுகளாக அவர் எங்கள் இல்லத்தில்தான் இருக்கிறார். விருந்தினர் வந்தால் உள்ளறைக்குள் போய்விடுவார். "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி நாங்களும் பேச்சை மாற்றிவிடுவோம். வேளை தவறாமல் உணவு, வேளை தவறாமல் மாத்திரை. இவற்றில் குறை வைத்ததில்லை. கடமையைச் செய்துவிட்டோம் என்ற மனநிறைவும் எங்களுக்கு இருந்தது.

அடுத்த நகரில் சமூக மனநலப் பணி செய்யும் ஒரு நிறுவனம் ஆற்றுப்படுத்துநர் பயிற்சி அளிப்பதாகக் கேள்விப்பட்டு, இருவரும் பெயர் கொடுத்தோம். ஓராண்டுப் பயிற்சி. வார இறுதிகளில் வகுப்பு. பிற்பகுதியில் மேற்பார்வையுடன் களப்பணி. எங்களுடன் இரண்டு செவிலியர், ஒரு கன்னியர், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், வங்கியில் ஓய்வு பெற்றவர் ஒருவர், சமூகப்பணி படித்த இளைஞர் சிலர் இருந்தனர். "கற்பித்துப் பழகிய நமக்கு இது எளிதாகவே இருக்கும்" என்று பேருந்தில் பேசிக்கொண்டே சென்றோம்.

முதல் மாதத்திலேயே அந்த எண்ணம் தவிடுபொடியாயிற்று. வகுப்பில் ஒருவர் துயருற்றவராக நடிப்பார், மற்றவர் அவருக்குச் செவிகொடுக்க வேண்டும், பத்து நிமிடம். எங்கள் முறை வந்தபோது, எதிரே அமர்ந்த செவிலியர் இரண்டு வாக்கியம் சொல்லி முடிக்கும் முன்பே நாங்கள் விடை சொல்லத் தொடங்கிவிட்டோம். முடிந்ததும் பயிற்சியாளர் தம் குறிப்பேட்டைப் புரட்டி, "ஏழு அறிவுரை, இரண்டு உவமைக் கதை, ஒரு கண்டிப்பு. கேள்வி ஒன்றுமில்லை" என்றார். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம், ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை.

அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒருவர் மனமாற்றம் பெற உதவுபவரிடம் இருக்க வேண்டிய பண்புகளாகச் சிலவற்றைக் கூறினார். பாசாங்கற்ற உண்மை, நிபந்தனையற்று மதித்தல், மற்றவரின் உள்ளத்தை அவர் நின்ற இடத்திலிருந்தே உணர்தல். படிக்கும்போது இவை மிக எளியவையாகத் தோன்றின. குடித்துவிட்டு மனைவியை அடித்தேன் என்று சொல்பவர் எதிரே அமர்ந்திருக்கும்போது, முகத்தைச் சுளிக்காமல் அவரை மனிதராக மதிப்பது எத்துணைக் கடினம் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். செயலை ஏற்பது வேறு, ஆளை ஏற்பது வேறு என்பதைப் பயிற்சியாளர் ஓயாமல் நினைவூட்டினார்.

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்லும் எங்களைச் சிந்திக்க வைத்தது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை என்று வகுப்பில் எத்தனை முறை கற்பித்திருப்போம்! ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வழிகாட்டுவதே அதன் பொருள். வழி சொல்பவன் மேடைமேல் நிற்பவனல்லன். அதே பசியைப் பட்டவன், அதே வழியில் நடந்தவன். எதிரே வருபவனின் வாடிய முகத்தையும் உடன்வரும் சுற்றத்தையும் முதலில் பார்த்த பிறகே அவன் வழியைச் சொல்லத் தொடங்குகிறான். இதைப் பாடமாகச் சொல்லிய நாங்கள், பாடமாகக் கொள்ளவில்லை.

இப்பணி ஏன் ஊர்களுக்குள் வந்தது என்பதையும் பயிற்சியில் கற்றோம். சென்னையில் 1794-ல் மனநோயாளருக்கென ஓர் இல்லம் தோன்றியது. அதன்பின் நெடுங்காலம், மனநோய் என்றால் மதிற்சுவருக்குள் அடைப்பது என்பதே வழக்கமாயிருந்தது. 1950-களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளருடன் அவர்தம் குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கச் செய்து, குடும்பத்தையே மருத்துவத்தின் பங்காளியாக்கினார். 1982-ல் தேசிய மனநலத் திட்டமும், 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கின. இருந்தும், 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். அந்தச் சங்கிலிகளைப் பற்றிக் கேட்டபோது, தாயத்துக் கட்ட நாங்கள் அலைந்த ஊர்கள் நினைவுக்கு வந்து எங்களுக்கு உடல் நடுங்கியது. எங்கள் தம்பியும் அப்படியோர் இடத்தில் இருந்திருக்கக் கூடுமன்றோ? 2017-ல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலைத் தடை செய்கிறது.

சட்டம் வந்தாலும் கை போதவில்லை. 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு மருத்துவம் எட்டவில்லை. எனவேதான் எங்களைப் போன்ற சாதாரண மக்களையும் பயிற்றுவிக்கிறார்கள். கோவாவில் அரசு சுகாதார நிலையங்களில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று, முறையாகப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் மருத்துவர்களோடு இணைந்து பணியாற்றினால், மனச்சோர்வும் பதற்றமும் உடையோர் கூடுதலாக நலமடைகின்றனர் என்று காட்டியது. ஆனால் எல்லை தெளிவானது: நோய் இன்னதென்று நாங்கள் முடிவு செய்வதில்லை, மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வதில்லை, எங்கள் ஆற்றலுக்கு மிஞ்சியதை உரியவரிடம் அனுப்புகிறோம்.

இனி எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.

களப்பணியின் இரண்டாம் மாதம் ஒரு பெண்மணி வந்தார், உழவுக் குடும்பம். உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை என்றார். கணவரின் கடன், மாமியாரின் சொல், பிள்ளைகளின் படிப்பு என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, "எல்லாம் ஒரேயடியாய் முடிந்துவிட்டால் நன்றாயிருக்கும், டீச்சர்" என்றார். எங்களுக்குள் பழைய ஆசிரியர் விழித்துக்கொண்டார். "அப்படியெல்லாம் பேசலாமா, அம்மா? பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். குடும்பம் என்றால் பொறுத்துத்தான் போக வேண்டும்" என்றோம். அவர் தலையசைத்தார், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நல்லது சொல்லி அனுப்பிவிட்டோம் என்றே எண்ணினோம்.

அன்று மாலை மேற்பார்வைக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னோம். மேற்பார்வையாளர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "'முடிந்துவிட்டால்' என்றாரே, எது முடிந்துவிட்டால் என்று கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. "வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்டீர்களா?" அதையும் கேட்கவில்லை. அந்த இரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலையிலேயே, அவரை அழைத்து வந்த சுகாதாரப் பணியாளர் அவர் இல்லம் சென்று பார்த்தார். இருக்கிறார் என்ற செய்தி வந்தபோதுதான் மூச்சு வந்தது. ஆனால், "அங்கே வந்தும் பிள்ளைகள் பேச்சைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டாராம். பணியாளர் விடாமல் சென்று பேசியதால் நான்காம் நாள் வந்தார்.

அவர் அமர்ந்ததும், "அன்று நீங்கள் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தவறு, அம்மா. இன்று கேட்கிறோம்" என்றோம். நெடுநேர மௌனம். அந்த மௌனத்தைப் பேச்சால் நிரப்பாமலிருப்பதே அன்று நாங்கள் செய்த பெரிய வேலை. பின்பு தெளிவாகக் கேட்டோம்: "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" இவ்வாறு கேட்பதால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலரும் அஞ்சுகின்றனர், அது உண்மையன்று. கேட்கப்படும்போது பெரும்பாலோருக்குச் சுமை சற்றே இறங்குகிறது. அவர் "ஆம்" என்றார். தொழுவத்தில் இருக்கும் பூச்சிமருந்தைப் பற்றியும் சொன்னார். சொல்லிவிட்டு முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

இங்கே சொல்வது வெளியே போகாது, ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உரியவரிடம் சொல்வோம் என்பதை நாங்கள் முதலிலேயே சொல்லியிருந்தோம். ஆகவே, அவர் சம்மதத்துடனே அவருடைய அண்ணனை வரவழைத்தோம். பூச்சிமருந்து அன்றே அவ்வீட்டிலிருந்து அகற்றப்பட்டது. மனநல மருத்துவர் பார்த்து, மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தார். வாரந்தோறும் எங்களிடம் வந்தார். கடன் தீரவில்லை, மாமியாரும் மாறவில்லை. ஆனால் சில மாதங்களில் உறக்கம் திரும்பியது. ஒருநாள் தம் தோட்டத்துக் கத்தரிக்காயைப் பையில் கொண்டுவந்தார். பரிசு பெறலாகாது என்ற விதியைத் தயக்கத்துடன் சொன்னோம். "அப்படியானால் விலை கொடுங்கள், டீச்சர்" என்று சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுவே முதன்முறை.

அந்தப் பெண்மணியிடம் கற்றதை வீட்டிற்குக் கொண்டுவராமலிருக்க முடியவில்லை. ஓர் இரவு, வழக்கம்போல் மாத்திரையையும் தண்ணீரையும் தம்பியின் முன் வைத்தோம். விழுங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்பதே இருபது ஆண்டு வழக்கம். அன்று அருகில் அமர்ந்து, "தம்பி, இந்த மாத்திரை சாப்பிட்டால் உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம்.

அவர் வியப்புடன் நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் கழித்து, "குரல்கள் கேட்பது குறைந்திருக்கிறது, அக்கா. ஆனால் கை நடுங்குகிறது. யாராவது வந்தால் காப்பி கொடுப்பீர்கள். அத்தான் பக்கத்தில் உட்காரச் சொல்வார். டம்ளரைப் பிடித்தால் சிந்திவிடும். அதனால்தான் உள்ளே போய்விடுவேன்" என்றார்.

மனிதரைக் கண்டு அஞ்சுகிறார் என்று இருபது ஆண்டுகள் நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் அஞ்சியது ஒரு காப்பி டம்ளருக்கு! மருத்துவர் மாதந்தோறும், "எப்படி இருக்கிறார்?" என்று கேட்பார். "நன்றாக இருக்கிறார்" என்று நாங்களே விடை சொல்லிவிடுவோம். அடுத்த முறை அவரையே பேசவிட்டோம். நடுக்கம் அம்மருந்தின் பக்கவிளைவு என்று கூறி, மருத்துவர் மருந்தை மாற்றியமைத்தார். நடுக்கம் முற்றிலும் போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. நோயும் போய்விடவில்லை. ஆனால் சென்ற கிறிஸ்துமஸ் நாளில் வீட்டிற்கு வந்தவர்களோடு அவர் திண்ணையில் அமர்ந்து, டம்ளரில் பாதியளவே ஊற்றிய காப்பியை இரு கைகளாலும் பிடித்துக் குடித்தார். நாங்கள் உள்ளே சென்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

வாசக அன்பர்களே, எல்லாரும் இப்பயிற்சிக்குச் செல்ல இயலாது. ஆனால் நம் இல்லங்கள் பலவற்றில் ஓர் உள்ளறை உண்டு; அதில் நாம் பேச்சை மாற்றிவிடும் ஒருவர் இருக்கிறார். அவர் அருகில் அமர்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்; விடை வரும்வரை காத்திருங்கள். துயரம் தாங்கும் அளவைக் கடந்ததெனில் மருத்துவ உதவி நாடத் தயங்காதீர்கள். அரசின் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

பயிற்சி முடிந்து எங்களுக்குச் சான்றிதழ் தந்தார்கள். அதைச் சட்டமிட்டு மாட்டவில்லை, பெட்டியில் இருக்கிறது. நாங்கள் தேர்ச்சி பெற்றதற்குச் சான்று வேண்டுமெனில், மாலையில் எங்கள் திண்ணைக்கு வாருங்கள். மூன்று டம்ளர் காப்பி இருக்கும்; ஒன்று பாதியளவு.