உரக்கப் பேசுகிறவள்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு ‘ஆளுமை வளர்ச்சி’ வகுப்பெடுக்க ஒருவர் வந்தார். ஒவ்வொருவராக எழுந்து நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். “எனக்க ஊரு முட்டம்” என்று தொடங்கினேன். வகுப்பே சிரித்தது. “பெண்பிள்ளை இவ்வளவு சத்தமாகப் பேசக் கூடாது” என்று திருத்தினார் அவர். அன்று உட்கார்ந்தவள், பள்ளி முடியும்வரை எழுந்து பேசவில்லை.

முட்டத்தைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1981-இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ எங்கள் கரையில் எடுத்ததுதான். அந்தப் பாறைகளில் அலை அடிக்கும்போது மெதுவாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. கரையில் ஏலம் கேட்டு மீன் எடுத்து, திங்கள்சந்தையில் கூவி விற்று, அந்தக் குரலால்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள்.

அதே அம்மாதான், நான் வயதுக்கு வந்ததும் கடற்கரைப் பக்கம் போகாதே என்றாள். கல்பனா ராம் எங்கள் மாவட்டக் கடலோரத்தில் ஆய்வு செய்து, முக்குவப் பெண்களைப் பற்றி 1991-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கடனும் வரவுசெலவும் பெண்கள் கையில் இருப்பதையும், அவர்களுடைய நடமாட்டத்துக்குப் போடப்படும் கட்டுகளையும் அதில் சேர்த்தே படித்தபோது, அது எங்கள் வீடாகவே இருந்தது. பள்ளி மட்டுமல்ல, ஊரும் என்னை அடங்கச் சொல்லியிருக்கிறது.

பதினோராம் வகுப்பில் ஒருநாள், தோழிகளோடு பஸ்ஸில் இருந்தேன். மீன் பாத்திரத்தோடு அம்மா ஏறினாள். ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா கூப்பிடவில்லை. ராத்திரி சோறு போடும்போது சொன்னாள்: “பஸ்ஸுல நல்ல கூட்டம். நீ என்னைப் பாத்திருக்க மாட்ட மக்ளே.”

2021 டிசம்பரில் குளச்சலில், நாற்றமடிக்கிறது என்று மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் உரக்க நியாயம் கேட்டார். அந்தக் காணொளி பரவியது, முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மெதுவாகப் பேசியிருந்தால் அது யாருக்குக் கேட்டிருக்கும்? நான் அழுதது அதற்காக மட்டுமல்ல. அந்தப் பஸ்ஸில் மூக்கைப் பொத்தியவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான்.

இப்போது மாலையில் ஊர்ப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். முதல் நாள் ஒவ்வொருவரும் வீட்டுப் பேச்சிலேயே தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரீட்சைத் தமிழும் ஆங்கிலமும் அதற்குப் பிறகு. போன வாரம் ஒருத்தி தலை குனிந்து முணுமுணுத்தாள். “அலைக்கு மேல கேக்கணும், பிள்ளே” என்றேன். நிமிர்ந்து சொன்னாள்: “எனக்க அம்மா மீன் விக்கா.”

யாரும் சிரிக்கவில்லை.