சுவர் இளகும் நேரம்

முருங்கைக்கீரையை இரவில் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால் காலையில் ஓர் உதறு போதும், இலை கொட்டிவிடும். ஆயும் வேலை பாதி மிச்சம். சூட்சுமம் காம்பின் மூட்டில், உதிர்தல் அடுக்கில். பொதுவாக எத்திலீன் வாயு சேரச்சேர அந்த அடுக்கின் செல்கள் செல்லுலேஸ், பாலிகேலக்டுரோனேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்த சுவர்களைத் தாங்களே கரைத்துக்கொள்ளும்.

*

வளர்வதற்கும் சுவர்தான் மனம்வைக்க வேண்டும். செல்லுக்குள் விறைப்பழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. உப்புவதற்கு விசை எப்போதும் தயார். ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வந்ததும் செல் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது, சுவரில் புளிப்பு ஏறுகிறது, சுவர் இளகுகிறது.

*

1992, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம். டேனியல் காஸ்குரோவும் சைமன் மக்வீன்-மேசனும் வெள்ளரி நாற்றின் தண்டை உறையவைத்துக் கொன்று, இடுக்கியில் மாட்டி இழுத்தார்கள். அமிலக் கரைசல் பட்டதும் நீண்டது. கொதிநீரில் போட்டெடுத்த துண்டு அசையவில்லை. வளரும் தண்டின் சுவரிலிருந்து பிரித்த புரதத்தை அதன்மேல் விட்டார்கள்; மறுபடி நீண்டது! அந்தப் புரதம் எக்ஸ்பான்சின். கறாராகச் சொன்னால் நொதி வரிசையில் அதை உட்காரவைக்க முடியாது. எதையும் வெட்டுவதாகத் தெரியவில்லை, செல்லுலோஸ் இழைகளின் பிடியை மட்டும் நழுவவிடுகிறது. செத்த தண்டு வளர்ந்த இந்தச் சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

*

அதே ஆண்டு எடின்பரோவில் ஸ்டீபன் ஃப்ரை குழுவினர் இன்னொன்றை விவரித்தார்கள்: சுவரிலுள்ள சைலோகுளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியை வெட்டி, வெட்டிய முனையை வேறொரு சங்கிலியில் கோக்கும் நொதி. சுவர் பலமிழக்காமலே நீள இப்படியும் ஒரு வழி. இந்த ஆய்வுகளுக்குச் சைலோகுளூக்கன் பெரும்பாலும் புளியங்கொட்டையிலிருந்துதான் வருகிறது. நெசவில் பாவுக்குப் போடும் அதே கொட்டைப் பசை! கொட்டைக்கு அது சேமிப்பு உணவு. முளைக்கும்போது நொதிகள் உடைத்து நாற்றுக்குக் கொடுக்கும்.

*

தக்காளி கதை வேறு. 1994இல் அமெரிக்காவில் ஃபிளேவர் சேவர் என்ற மரபணு மாற்றுத் தக்காளி கடைக்கு வந்தது. பாலிகேலக்டுரோனேஸை அடக்கிவிட்டால் பழம் குழையாது என்று கணக்கு. எதிர்பார்த்த அளவு கெட்டியாக இல்லை, சில ஆண்டுகளில் மறைந்தது. 2016இல் பெக்டேட் லையேஸ் என்ற வேறொரு நொதியை அடக்கிப் பார்த்தபோது, பழுத்த பழம் கெட்டியாகவே நின்றது. நிறமும் மணமும் பெரிதாக மாறவில்லை.