நடந்ததற்குக் கூலியாக உண்ணலாமா?



இவ்வாண்டில் ஞானஸ்நானத்தைக் குறித்தும் தசமபாகத்தைக் குறித்தும் என்னிடம் கேட்டவர்களைவிடக் கலோரியைக் குறித்துக் கேட்டவர்களே அதிகம். நான் எடை குறைந்து வருவதைச் சபையார் கவனித்திருப்பதே அதற்குக் காரணம் என்று எண்ணுகிறேன். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். உணவைக் குறைத்து எடையைக் குறைக்க முயலும் ஒருவர் காலையில் நடந்தோ ஓடியோ 300 கலோரி செலவழித்தால், அந்த 300-ஐ அன்றைய உணவில் கூட்டிக்கொள்ளலாமா, கூடாதா? கைப்பேசியிலுள்ள செயலி, உண்ணலாம் என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. வீட்டிலுள்ளவர்களோ, அப்படியானால் நடந்து என்ன பயன் என்கிறார்கள்.

நான் மருத்துவன் அல்லன். ஆயினும் இக்கேள்வி என் சொந்தச் சரீரத்திலேயே எழுந்த கேள்வி. சென்ற ஆண்டு லெந்து காலத்திற்கு முன் செய்த பரிசோதனையில் என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்று வந்தது. 5.7-இலிருந்து 6.4 வரை உள்ளவர்கள் நீரிழிவின் வாசற்படியில் நிற்பவர்கள் என்று மருத்துவர் விளக்கினார். என் தகப்பனார் அந்த வாசலைக் கடந்து, கடைசி ஆறு ஆண்டுகளை ஒரு காலின்றிக் கழித்தவர். ஆகவே மருத்துவர் நாளொன்றுக்கு 1,700 கலோரி என்று எழுதித் தந்தபோது மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டேன். அப்போது என் எடை 84 கிலோ.

ஊழியக்காரனுக்கு உணவுக்கட்டுப்பாடு எளிதன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரே மாலையில் நான்கு வீடுகளைச் சந்தித்தால் நான்கு முறை தேநீர், இரண்டு முறை கேசரி. வேண்டாம் என்றால், எங்கள் வீட்டில் ஒன்றும் சாப்பிடவில்லையே ஐயா என்று பாட்டிமார் முகம் வாடிவிடுகிறது. அதனால்தான் செயலி காட்டிய எண் எனக்கு இனிப்பாக இருந்தது. குளத்தங்கரைச் சாலையில் 45 நிமிடம் நடந்து வந்தேன். கைப்பேசி 310 கலோரி என்றது. இரண்டு வடையும் ஒரு தேநீரும் அதற்குள் அடங்கிவிடுமே என்று மனம் உடனே கணக்குப் போட்டது. உண்பதற்கு முன் பென்சிலை எடுத்துக் கணக்கைச் சரிபார்த்தேன்.

இங்கே சற்றே வழிவிலக அனுமதியுங்கள். உணவின் கலோரிக் கணக்கை நமக்குத் தந்தவர்களில் முதன்மையானவர் வில்பர் அட்வாட்டர் என்னும் அமெரிக்கர். மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகன். 1890-களில், ஜான் வெஸ்லியின் பெயரைத் தாங்கிய வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், ஒரு மனிதன் பல நாள்கள் உள்ளேயே தங்கி உண்டு, உறங்கி, மிதிவண்டி மிதிக்கத்தக்க ஒரு சிறிய அறையைத் தம் தோழர்களோடு அமைத்து, அவன் சரீரத்திலிருந்து வெளிப்பட்ட வெப்பத்தை அளந்தார். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் கிராமுக்கு 9 என்று இன்றும் பிஸ்கட் பொட்டலங்களின்மேல் போடப்படும் கணக்கு அவர் வழி வந்ததே. மதுவும் சரீரத்துக்கு எரிபொருளாகிறது என்று அவர் சோதனை காட்டியபோது, மதுவிலக்குக்காகப் பாடுபட்ட பக்தர்கள் அவர்மீது மிகவும் கோபங்கொண்டார்கள். கண்டதைக் கண்டபடியே சொன்ன அந்தப் போதகர் வீட்டுப் பிள்ளையை எனக்குப் பிடிக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுவே. செலவாகும் கலோரியைத் திட்டமாய் அளக்க ஒரு மனிதனை அறைக்குள் அடைத்து வைக்க வேண்டியிருந்தது. நம் கையிலுள்ள கடிகாரம் நாடித்துடிப்பையும் கை அசைவையும் கொண்டு ஊகிக்கிறது, அவ்வளவே. 2017-இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் கையில் அணியும் ஏழு கருவிகளைச் சோதித்தனர். இதயத்துடிப்பை அவற்றுள் பெரும்பாலானவை நன்றாகவே சொல்லின. கலோரியிலோ, மிகத் திருத்தமான கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமானது 93 விழுக்காடு. கடைத்தராசு இப்படி இருந்தால் நாம் அந்தக் கடைக்குப் போகமாட்டோம்.

இனி என் பென்சில் கணக்கு. அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதன் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவிடுகிறான். சற்று விரைவான நடைக்கு அதைப்போல் மூன்றரை மடங்கு. என் 84 கிலோவுக்கு முக்கால் மணி நேரத்தில் சுமார் 220 கலோரி ஆகிறது. செயலி சொன்ன 310 எங்கே, இது எங்கே? அதோடும் முடியவில்லை. அந்த முக்கால் மணி நேரம் நான் நடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் படித்திருந்தாலும் 63 கலோரி செலவாகியிருக்கும். அது 1,700-க்குள் ஏற்கெனவே கணக்கிடப்பட்டது. அதைக் கழித்தால் நடையினால் மட்டும் வந்த கூடுதல் செலவு 160-க்கும் குறைவு. செயலி காட்டியதில் பாதி.

இன்னும் ஒன்று உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. மருத்துவர் எனக்கு அளவு குறிக்கும் முன், தினமும் நடப்பீர்களா என்று கேட்டார். நடப்பேன் என்றேன். அதையும் சேர்த்தே அவர் 1,700 என்று எழுதினார். ஆக, நடைக்குரிய பங்கு எனக்கு முன்பே கொடுக்கப்பட்டாயிற்று. அதன்மேல் மீண்டும் 310 உண்டால் ஒரே கூலியை இருமுறை வாங்குவதாகும். ஆனால் சில செயலிகள் உடற்பயிற்சியைச் சேர்க்காமல், அன்றாட நடமாட்டத்தை மட்டும் வைத்து அளவைக் குறிக்கின்றன. அங்கே பயிற்சிக்குரியதைப் பிறகு கூட்டுவதே முறை. ஆகவே என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்கள் அளவு எதைச் சேர்த்துப் போடப்பட்டது என்பதையே. பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

150 கலோரி என்ன பெரிது என்று நினைக்க வேண்டாம். நாளுக்கு 150 வீதம் மாதத்திற்கு 4,500. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. மாதம் அரைக்கிலோவுக்கு மேல் குறைய வேண்டியது குறையாமல் நின்றுபோகும். பிறகு, ஐயா, நடந்தும் பட்டினி கிடந்தும் பயனில்லையே என்று சோர்ந்து, இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சோர்வைத்தான் நான் அஞ்சுகிறேன்.

ஆறு வாரம் நடைக்காக ஒன்றும் கூட்டாமல் உண்டேன். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது, கணக்கோடு ஒத்துவந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கஷ்டம். இரண்டு ஆராதனை, நடுவே கிராமச் சபை, வெயில். மாலை ஞாயிறு பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் எரிச்சலோடு பேசுகிறேன் என்று என் மனைவி சொன்னாள். அதுமுதல் ஞாயிறு மதியம் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு குவளை மோரும் கூட்டிக்கொண்டேன். எந்தச் செயலியும் அதைச் சொல்லவில்லை.

சரீரம் ஒரு மளிகைக்கடைப் பேரேடு போல நடந்துகொள்வதும் இல்லை. தான்சானியாவின் வடபகுதியில் ஹட்சா என்னும் வேட்டையாடி மக்கள் நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்து, கிழங்கு தோண்டி, தேன் எடுத்து வாழ்கிறார்கள். ஹெர்மன் பான்ட்சர் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் அவர்களுடைய மொத்தக் கலோரிச் செலவை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், அது நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் அமெரிக்கரின் செலவைவிட அதிகமாக இல்லை! நாம் ஓரிடத்தில் அதிகம் செலவிட்டால் சரீரம் வேறிடங்களில் சிக்கனம் செய்துகொள்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். எல்லா அறிஞரும் இதை ஒரே அளவில் ஏற்கவில்லை. ஆனாலும் காலையில் ஓடியவர் பிற்பகல் முழுவதும் சாய்வு நாற்காலியில் கிடப்பதை நம் வீடுகளிலேயே காண்கிறோமே. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மனத்துக்கும் நடை செய்யும் நன்மையை இதனால் யாரும் குறைத்து எண்ண வேண்டாம். நடப்பதன் பயன் நடையிலேயே இருக்கிறது. வடை வாங்கும் நாணயமாக அதை மாற்ற வேண்டியதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, போதகர் உண்ணக்கூடாது என்று சொல்லிவிட்டார் என ஒருவரும் முடிவுகட்ட வேண்டாம். மறுபக்கமும் உண்டு; அது முந்தியதைவிடக் கொடியது.

1944-இன் இறுதியில், போரில் ஆயுதமேந்த மனச்சாட்சி இடங்கொடுக்காத 36 வாலிபர், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் நடத்திய சோதனைக்குத் தாமாக முன்வந்தார்கள். அவர்களில் பலர் குவேக்கர், பிரெதரன், மெனனைட் சபைகளைச் சேர்ந்தவர்கள். போரினால் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று அறிவதற்காகத் தங்கள் சரீரத்தையே ஒப்புக்கொடுத்தார்கள். 24 வாரம் முன்பு உண்டதில் ஏறக்குறைய பாதியே உணவு. ஆனாலும் வாரத்துக்கு 22 மைல் நடந்தாக வேண்டும். நடந்ததற்கு ஈடாக ஒரு கவளமும் கூடக் கிடையாது. என்ன நடந்தது? இதயத்துடிப்பு மந்தமாயிற்று, கால்கள் வீங்கின, கோடையிலும் குளிர்ந்தது. சமையல் புத்தகங்களை எடுத்துவைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், நண்பரோடு பேசுவதை வெறுத்தார்கள். நல்ல மனமும் ஜெப வாழ்க்கையும் உடைய வாலிபர்களே அவர்கள். பட்டினியோடு உழைப்பும் சேர்ந்தால் மனிதனின் சுபாவமே மாறிவிடுகிறது என்பதை அவர்கள் தங்கள் மாம்சத்தில் எழுதிக் காட்டினார்கள்.

முன்பு நான் ஊழியம் செய்த ஓர் ஊரில், பாடகர் குழுவில் ஒரு கல்லூரி மாணவி இருந்தாள். குடும்பத்தாரின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். நீண்டதூர ஓட்டக்காரி. எடை 48 கிலோ. எடை இன்னும் குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, 1,300 கலோரிக்கு மேல் உண்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள். தினமும் பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஓட்டத்துக்குக் கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி என்று கொண்டால், 480 அதிலேயே போய்விடும். மிஞ்சுவது 820. அதைக் கொண்டு இதயமும் மூளையும் எலும்பும் இயங்க வேண்டும். கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு 30 கலோரியாவது ஓட்டம் போக மிஞ்ச வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்கள் கருதும் எல்லை. அவளுக்கு அது 1,200-ஐ ஒட்டி வரும். ஏழு மாதம் மாதவிலக்கு நின்றிருந்தது; தாயிடமும் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விழுந்தபோதுதான் எல்லாம் வெளியாயிற்று. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலைக்கென்றே தனிப் பெயர் சூட்டி, ஆண்களுக்கும் இது வரும் என்று எச்சரித்திருக்கிறது. அவளைப் பார்த்த பெண் மருத்துவர் பெரிய மருந்து ஒன்றும் எழுதவில்லை. ஓடுவதற்கு முன்னும் பின்னும் உண்ண வேண்டும், செலவழித்ததை முழுவதும் திரும்ப உண்ண வேண்டும் என்றார். அவள் அழுதாள். உண்பது தோல்வி என்று அவள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

மருத்துவமனை வராந்தாவில் அவளோடு உட்கார்ந்து எலியாவின் சரித்திரத்தைப் பேசினேன். சூரைச்செடியின் கீழ் சோர்ந்து கிடந்தவனைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். உண்டு மறுபடி படுத்தவனை இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தான், முன்னிருந்த வழி நீண்டதாயிருந்தபடியால். எத்தனை கலோரி என்று அங்கே எழுதியில்லை. அதற்கு அவள் கொஞ்சம் சிரித்தாள். மாதவிலக்கு திரும்ப ஐந்து மாதமாயிற்று. எலும்பு அதற்கு முன்பே கூடிவிட்டது. இப்போது வேறோர் ஊரில் விளையாட்டு ஆசிரியை.

ஆகையால் என்னைப்போல் வயிறு பெருத்து, முக்கால் மணி நேரம் நடக்கிறவர், பசியின்றி இருந்தால் ஒன்றும் கூட்ட வேண்டாம். பசித்தால் செயலி காட்டுவதில் பாதிக்கு மேல் போக வேண்டாம். வயலிலும் கட்டட வேலையிலும் பாடுபடுகிறவர்களும், போட்டிக்காகப் பயிற்சி செய்யும் நம் பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், பால்கொடுக்கும் தாய்மாரும் என் கணக்கைத் தங்களுக்குப் போட்டுக்கொள்ளவே கூடாது. லெந்து நாள்களில் மாலைவரை உபவாசிக்கிறவர்கள், அந்நாள்களில் நடையைச் சுருக்கிக்கொள்வதில் பிழையில்லை.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் இந்தக் கேள்வியே பொருந்தாது. நடக்கும்போதோ நடந்த பின்னோ அவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எடை குறைப்பெல்லாம் பிறகு. எதை உண்பது, மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை அவரவர் மருத்துவரிடமே கேளுங்கள். நம் சபை மூப்பர் ஒருவர் காலை நடையின் நடுவே பிஸ்கட் தின்பதைக் கண்டு சிலர் கேலி செய்ததாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

ஜெபக்கூட்டம் நடத்தும் வீட்டாருக்கும் ஒரு விண்ணப்பம். தேநீரில் சர்க்கரையைக் கலந்துவிடாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வடையோடு ஒரு தட்டுச் சுண்டலும் இருந்தால் நலம். வேண்டாம் என்று சொல்கிறவர்களை மூன்றாம் முறை வற்புறுத்தாதிருங்கள். பாட்டிமாரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.