வெள்ளை மாத்திரை, பச்சை மாத்திரை

எங்க வீட்ல மாத்திரைக்கெல்லாம் பேர் கிடையாதுங்க. கலரும் சைஸும்தான். "காலையில வெள்ளை, மத்தியானம் ஒண்ணுமில்ல, ராத்திரி அந்தக் குட்டி ரோஸ்" என்று அம்மா சொல்ல, அப்பா கையை நீட்டுவார். எல்லாம் ஒரு நகைக்கடை இனாமாகக் கொடுத்த ஜிப் பையில் கிடக்கும். நல்லாத்தானே ஓடிட்டிருக்குன்னு நானும் விட்டுட்டேன். (ஓடுற ப்ரோக்ராம்ல கை வைக்காதேங்கிறது எங்க தொழில் தர்மம்.)

போன மாசம் ஒரு சனிக்கிழமை விடிகாலை, சென்னையிலிருந்து பஸ்ஸில் போய் கோவில்பட்டியில் இறங்கினேன். நான் எத்தனை தடவை வேண்டாம்னாலும் அப்பா டிவிஎஸ் வண்டியோடு வந்து நிற்பார். அன்னிக்கு ஆளைக் காணோம். போனும் எடுக்கலை. ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போனா, திண்ணையில் உட்கார்ந்திருக்கார். பனியன் தொப்பலா நனைஞ்சிருக்கு. என்னைப் பார்த்து சித்தப்பா பேரைச் சொல்லி, "எப்பல வந்த?" என்றார். கை நடுங்குது.

அம்மா சுக்குக் கஷாயம் போட அடுப்படியில் நின்னாங்க. வாயுத் தொல்லையாம். எனக்கு நெஞ்சுவலியா இருக்குமோன்னு பயம். பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ். காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "முதல்ல சுகர் பாரு தம்பி" என்று சத்தம் போட்டார். பார்த்தேன். 46.

எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு. ஆனாலும் அம்மா சர்க்கரை டப்பாவைக் கையில் வச்சுக்கிட்டு தயங்கினாங்க பாருங்க, அதை மறக்க முடியலை. பத்து வருஷமா அந்த டப்பாவை அப்பா கண்ணில் படாமல் ஒளிச்சு வச்சவங்க. "குடுங்கத்தே, நெனவு இருக்கும்போதே குடுங்க" என்று அக்கா அதட்டின பிறகுதான் தண்ணியில் கரைச்சாங்க. (மயங்கிட்டா வாயில் எதையும் ஊத்தக் கூடாது, புரையேறிடும்.) கால் மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 74. அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜிப் பையைக் கவிழ்த்தார். ரெண்டு அட்டையை எடுத்து என் முன்னால் வச்சார். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பச்சை. வேற வேற கம்பெனி, வேற வேற பேர். "உள்ளே இருக்கிறது ரெண்டுலயும் ஒண்ணுதான் தம்பி. மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு. ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கார்."

ஒரே ஃபங்ஷன், ரெண்டு பேர், ரெண்டு தடவை கால் பண்ணியிருக்கோம். எனக்கு இது புரியக்கூடாதா?

பச்சை அட்டை வந்தது என்னால்தான். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அப்பாவைச் சென்னையில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிட்டுப் போனேன். அவர் டோஸைக் கூட்டி எழுதினார். பழசுக்குப் பதிலா இதுன்னு அவர் சொன்னாரா, சொல்லலையா, அப்பாவுக்குக் காதில் விழலையா, தெரியாது. ஏன்னா நான் அப்போ வராண்டாவில் ஆபீஸ் போனில் இருந்தேன். பழைய சீட்டையும் எடுத்துட்டுப் போகலை. ஊருக்கு வந்த அப்பா, "பழைய மாத்திரை ஒரு மாசத்துக்குக் கிடக்கு, காசு குடுத்து வாங்கினதை வீணாக்கவா?" என்று ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கார். முந்தின ராத்திரி பசிக்கலைன்னு சாப்பாட்டை மட்டும் விட்டுட்டார். மாத்திரையை விடலை. அதுல ரொம்ப கறார்.

சாயந்திரம் வரைக்கும் அனுப்பலை. கிளிமிப்பிரைடு கணையத்தைத் தட்டித் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற ரகம். சாப்பாடு வந்ததா இல்லையான்னு அது பார்க்காது. ஒரு தடவை ஏத்தின சர்க்கரையைச் சில மணி நேரம் கழிச்சு மறுபடியும் இறக்கிடும். மெட்ஃபார்மின் அப்படி இல்லை. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கிறது அதோட முக்கிய வேலை. தனியா அது மட்டும் சாப்பிட்டா இப்படி இறங்குவது அபூர்வம். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம படிச்சதில் இன்னொண்ணு. 1942-ல் பிரான்சில் மோன்பெலியே ஊரில், மார்செல் ஜான்போன் என்ற டாக்டர் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு சல்ஃபா மருந்து கொடுத்தப்போ, அவங்க சர்க்கரை தாறுமாறா இறங்கியிருக்கு. அந்த விபத்திலிருந்து வந்த குடும்பம்தான் கிளிமிப்பிரைடு.

மறுநாள் பையைப் பாயில் கொட்டி நானும் அம்மாவும் பிரிச்சோம். டெல்மிசார்டன், பிரஷருக்கு. அட்டோர்வாஸ்டாடின், கொழுப்புக்கு. ரோஸ் அதுதானாம். பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்க. சாப்பாட்டுக்கு முன்னாடி போட வேண்டியதை இத்தனை நாள் சாப்பிட்டுட்டுப் போட்டிருக்கார். முதுகு வலிக்குன்னு கடையில் கேட்டு வாங்கின டைக்ளோஃபெனாக் ஒரு அட்டை. அது பிரஷரை ஏத்தும், கிட்னிக்கும் ஆகாது. டாக்டர் தனியாத் திட்டினார். பாராசிட்டமால் மட்டும் மூணு பேரில் இருந்தது. சளி மாத்திரைக்குள்ளேயும் அதே பாராசிட்டமால். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு கிராம்தான் உச்சம், தாண்டினா கல்லீரல் போச்சு. காய்ச்சலுக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணு, தலைவலிக்கு ஒண்ணுன்னு போட்டா என்ன கணக்கு வரும்னு நீங்களே பாருங்க.

பிராண்ட் பேரைவிட மருந்தோட பேர் அட்டையில் பெரிசா இருக்கணும்னு 2018-லேயே விதி வந்தாச்சு. ஆனா அது இங்கிலீஷ். அம்மா படிச்சது எட்டாவது. போதாததுக்குக் கடையில் பத்தில் நாலை வெட்டிக் கொடுக்கும்போது பேர் ஒரு துண்டில், தேதி ஒரு துண்டில் போயிடுது. நாங்க பாயில் கொட்டினதில் பேரே இல்லாத துண்டு அஞ்சு. எதுக்குன்னு அப்பாவுக்கும் ஞாபகமில்லை. எல்லாத்தையும் ஒதுக்கி வச்சாச்சு.

மருந்துப் பேரை எல்லாம் தமிழில் எழுதி, எதுக்கு, எப்போன்னு போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிட்டு வந்தேன். (நான் டாக்டர் இல்லை, அவர்கிட்ட காட்டி சரிபார்த்த பிறகுதான் ஒட்டினேன்.)

நேத்து மீட்டிங்கில் இருக்கும்போது அம்மா போன். வெளியே வந்து எடுத்தேன். "கடையில இன்னிக்கு வேற டப்பா குடுத்திருக்கான்டா. பிரித்துப் பார்க்கலை. எழுத்துக் கூட்டிப் படிக்கேன், கேக்கியா? டி... ஈ... எல்..."

பதினோரு எழுத்து. முழுசும் கேட்டேன்.